இந்தியன் ஆமி போன பிறகு

எங்கட பக்கத்தில் வயது போனவர்கள் ஆண்டுக் கணக்கில் காலத்தைச் சொல்வது குறைவு. ‘சூறாவளி அடிச்ச வருசம்’ என்றால் 1978. அதற்குப் பிறகு வருகிறவை எல்லாம் ஆமியை வைத்து எண்ணுகிற காலங்கள்தான்: ‘இந்தியன் ஆமி காலம்’, ‘தொண்ணூறாம் ஆண்டு வன்செயல்’, ‘சமாதான காலம்’. செங்கலடியில் திரும்பி பதுளை வீதியால் கரடியனாறு வரைக்கும் போய், எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டாலும் இந்த ஒழுங்கு மாறாது. இவற்றில் பாதிக்குப் பிறகு பிறந்தவர்கள் நாங்கள். கேட்டுக் கேட்டு ஒன்றைக் கவனித்தோம். ‘இந்தியன் ஆமி காலத்துக்கும்’ ‘தொண்ணூறு வன்செயலுக்கும்’ இடையில் அவர்கள் மூச்சு விடுவதில்லை. “இந்தியன் ஆமி போனான், மறுகா வன்செயல் வந்தது” என்று ஒரே வசனமாகத்தான் வரும். அந்த ‘மறுகா’வுக்குள் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

இப்போது இதை எடுக்கக் காரணம் இருக்கிறது. அமெரிக்கா நேட்டோவை விட்டு விலகலாமா கூடாதா என்று உலகம் முழுக்க விவாதம் நடக்கிறது. விலகினால் எவ்வளவு காசு மிச்சம், எவ்வளவு செல்வாக்கு நட்டம் என்று பெரிய பெரிய ஆய்வாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். நேட்டோ ஒப்பந்தத்தில் விலகுவதற்கு வழி இருக்கிறது: 13ஆவது பிரிவின்படி அறிவித்தல் கொடுத்து ஒரு வருடத்தில் வெளியேறலாம். அமெரிக்க ஜனாதிபதி தன்பாட்டில் அப்படிச் செய்ய முடியாதபடி 2023 கடைசியில் அவர்களுடைய காங்கிரஸ் ஒரு சட்டமும் போட்டு வைத்திருக்கிறது. 1966இல் பிரான்ஸ் கூட்டணியில் இருந்துகொண்டே அதன் கூட்டுப் படைக் கட்டளையை விட்டு மட்டும் வெளியேறியது. அந்நியப் படைகளை ஒரு வருடத்துக்குள் தன் மண்ணைவிட்டுப் போகச் சொன்னது. நேட்டோ தலைமையகம் மூட்டை கட்டி பெல்ஜியத்துக்குப் போனது. 2009இல் பிரான்ஸ் திரும்பி வந்தது. யாரும் சாகவில்லை.

வாசிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது பணக்கார நாடுகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகிற கதை. பெரிய நாடு ஒன்று சின்ன இடத்தில் படையோடு வந்து நின்று, பிறகு போனால் என்ன ஆகும் என்பதற்கு எங்களுக்கு வாவிக்கு இக்கரையிலேயே ஒரு கணக்கு இருக்கிறது.

இந்தியா எங்கே கூட்டணி வைத்தது என்று சிலர் கேட்பார்கள். இந்தியா அந்தச் சொல்லைப் பாவிக்காது. சோவியத் யூனியனோடு 1971இல் செய்ததைக்கூட நட்புறவு ஒப்பந்தம் என்றுதான் சொன்னது. ஆனால் 1987 ஜூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் கொழும்பில் கையெழுத்திட்டதை எடுத்துப் பாருங்கள். இலங்கை அரசு கேட்டால் இந்தியா இராணுவ உதவி கொடுக்கும் என்று அதில் இருக்கிறது. தீர்வு நிறைவேறுவதற்கு இந்தியா பொறுப்பும் உத்தரவாதமும் என்று இருக்கிறது. கூடவே இரு தலைவர்களும் மாற்றிக்கொண்ட கடிதங்களில், திருகோணமலையோ வேறெந்தத் துறைமுகமோ இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டின் படைக்கும் போகாது, திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடும் சேர்ந்து இயக்கும், அந்நிய இராணுவ, உளவு ஆட்களை வைத்திருப்பது பற்றி உடன்பாட்டுக்கு வரும் என்றெல்லாம் இருக்கிறது. பெயர் என்னவாக இருந்தாலும் இது பாதுகாப்புக் கூட்டுத்தான். தமிழருக்காகச் செய்த ஒப்பந்தம் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அந்தக் கடிதங்களில் தமிழர் இல்லை, துறைமுகம்தான் இருக்கிறது. அடுத்த நாள் கொழும்பில் அணிவகுப்பு மரியாதையின்போது ஒரு கடற்படைச் சிப்பாய் துப்பாக்கிப் பிடியால் ராஜீவை அடித்தார். ஒப்பந்தத்தைத் தெற்கு எப்படி எடுத்துக்கொண்டது என்பதற்கு அந்த ஒரு படமே போதும்.

கிழக்குக்கு அந்த ஒப்பந்தத்தில் தனிப் பக்கம் ஒன்று இருந்தது. வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணமாகும். 1988 முடிவதற்குள் கிழக்கில் மட்டும் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி அது தொடர்வதா என்று கேட்பார்கள். அந்த வாக்கெடுப்பு இன்று வரை நடக்கவில்லை. வருடா வருடம் ஒத்திப் போட்டார்கள். கடைசியில் 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்றது. கிழக்குச் சனத்திடம் கேட்பதாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்த ஒரே கேள்வியையும் யாரும் கேட்கவில்லை.

படை வந்தபோது மாலை போட்டு வரவேற்றார்கள் என்பதைச் சும்மா மறைக்கக் கூடாது. அந்த வருடம் ஜனவரியில்தான் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் அத்தனை பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்த சனத்துக்கு, இலங்கை ஆமி முகாமுக்குள் போய்விடும் என்பதே பெரிய விசயம். அந்த நிம்மதி மூன்று மாதம் கூட நீடிக்கவில்லை. செப்டெம்பர் 26இல் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். ஒக்டோபர் 10இல் புலிகளுக்கும் இந்தியப் படைக்கும் சண்டை தொடங்கியது. அந்த மாதமே யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் நோயாளிகளும் வைத்தியர்களும் தாதிகளும் சுடப்பட்டார்கள். காக்க வந்த படை சுற்றிவளைத்துத் தேடுகிற படையாக மாறியது. தலையாட்டிகளை வைத்துப் பொடியனுகளைப் பிரித்தெடுப்பதும், அடிப்பதும், பெண்களுக்கு நேர்ந்ததும் வீடுகளுக்குள் தாழ்ந்த குரலில் இன்றும் சொல்லப்படுகிறது.

மட்டக்களப்பில் இதற்கு எதிராக எழுந்த குரல் ஒரு தாயினுடையது. பூபதி கணபதிப்பிள்ளை, பிள்ளைகளைப் பெற்று வளர்த்த குடும்பப் பெண். 1988 மார்ச் 19இல் மாமாங்கேஸ்வரர் கோயில் பக்கம் உண்ணாவிரதம் இருந்தார். யுத்தத்தை நிறுத்து, புலிகளோடு பேசு, இவ்வளவுதான் கேட்டார். ஏப்ரல் 19இல் இறந்தார். அவரைப் பிற்பாடு ஒரு இயக்கத்தின் அடையாளமாக்கியது வேறு கதை. நாங்கள் பார்ப்பது வேறொன்றை: அந்த நேரம் மட்டக்களப்பில் சாதாரண சனத்துக்கு இந்தப் படை போகவேண்டும் என்று இருந்தது. ‘இந்தியா இருந்திருந்தால் நல்லாயிருக்கும்’ என்று இன்று சிலர் சொல்வதைக் கேட்கும்போது அந்த ஒரு மாதப் பட்டினியை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

சரி, ஏன் போனார்கள்? 1989 ஜனவரியில் பிரேமதாச ஜனாதிபதியானார். தெற்கில் ஜே.வி.பி.யின் கிளர்ச்சி உச்சத்தில். ‘நாட்டை இந்தியாவுக்கு வித்துப்போட்டான்கள்’ என்பதுதான் அவர்களுடைய பெரிய ஆயுதம். அந்த ஆயுதத்தைப் பறிக்கவேண்டும் என்றால் இந்தியன் ஆமி போகவேண்டும். ஜூன் மாதத் தொடக்கத்தில், ஜூலை 29க்குள் வெளியேறு என்று பிரேமதாச பகிரங்கமாகச் சொன்னார். அந்த நாளில் ஒரு 600 பேர் அளவில் கப்பல் ஏறினார்கள், பேருக்கு. செப்டெம்பர் 18இல் இரு அரசும் கால அட்டவணை ஒன்றுக்கு ஒத்துக்கொண்டன. டிசெம்பரில் டில்லியில் ஆட்சி மாறியது, வி.பி. சிங் வந்தார். 1990 மார்ச் 24இல் கடைசிப் படை திருகோணமலையில் கப்பல் ஏறியது. சென்னையில் இறங்கிய படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை.

டில்லியின் மேசையில் இருந்து பார்த்தால் விலகல் நியாயமான கணக்கு. 32 மாதம். 1,100க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் இறந்திருந்தார்கள். ஒரு கட்டத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் இங்கே நின்றார்கள். அழைத்த அரசே போ என்கிறது. காக்க வந்த சனமும் போ என்கிறது. அதே நேரத்தில் காஷ்மீர் பற்றியெரியத் தொடங்கிவிட்டது. இந்த நிலையில் எந்த அரசாங்கம் நிற்கும்? நின்றிருந்தால் ஐந்தாம் வருடமும் இதே சண்டை, இன்னும் கொஞ்சம் பிணம். போனது சரி என்றுதான் நாங்களும் நினைக்கிறோம். எங்கட கேள்வி போனதைப் பற்றியது அல்ல, போன விதத்தைப் பற்றியது.

போகிற பெரிய படைக்கு எப்போதும் ஒரு பிரச்சினை உண்டு. தான் கட்டி வைத்ததைத் தாங்கிப்பிடிக்க யாராவது வேண்டும். 1988 நவம்பரில் தேர்தல் நடத்தி வடக்கு கிழக்கு மாகாண சபை அமைத்தாயிற்று; ஈ.பி.ஆர்.எல்.எஃப்.பின் வரதராஜப்பெருமாள் முதலமைச்சர். அதிகாரம் கொழும்பில் இருந்து வந்து சேரவில்லை. பாதுகாப்பு இந்தியப் படையிடம். படை போனால் சபை ஒரு நாள் நிற்காது. அதனால் 1989இல் குடிமக்கள் தொண்டர் படை என்று தொடங்கி, பிறகு தமிழ்த் தேசிய இராணுவம் என்று ஒன்றை அவசர அவசரமாகக் கட்டினார்கள். எங்கட ஆக்கள் சுருக்கமாக ரி.என்.ஏ. என்பார்கள். ஆள் வேண்டும். சும்மா வருகிறவன் யார்? றோட்டில் போனவனை, ரியூசனுக்குப் போனவனை, பஸ்ஸில் இருந்தவனைப் பிடித்தார்கள். பதினைந்து பதினாறு வயதுப் பொடியனுகள். தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், இரண்டும். சில வாரப் பயிற்சி, இந்தியத் துப்பாக்கி, ஒரு முகாம்.

இந்தியப் படை கிழக்கில் அம்பாறையில் இருந்தும் மட்டக்களப்பில் இருந்தும்தான் முதலில் விலகியது. 1989இன் கடைசி மாதங்களில் அது பின்வாங்கப் பின்வாங்க, பின்னால் புலிகள் வந்து இந்த முகாம்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பிரேமதாச அரசு அதே புலிகளுக்கு அந்த நாட்களில் ஆயுதம் கொடுத்தது என்பது பின்னாளில் ஒப்புக்கொள்ளப்பட்ட விசயம். பிடித்துக்கொண்டு போய்ப் படையில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள், தாங்கள் தேர்ந்தெடுக்காத சண்டையில், தங்களைச் சேர்த்தவர்கள் கப்பலுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது செத்தார்கள். தப்பியவர்கள் சரணடைந்தார்கள். சரணடைந்தவர்களில் பலர் திரும்பவில்லை. தலைவர்களுக்குக் கப்பல் இருந்தது. பெருமாளும் அவரோடு இருந்தவர்களும் இந்தியா போய்ச் சேர்ந்தார்கள். ஒரு தொகை ஆட்களைத் தமிழ்நாடு ஏற்காமல் ஒரிசாவுக்கு அனுப்பினார்கள். ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபா ஜூன் 19இல் சென்னையிலேயே கொல்லப்பட்டார். எத்தனை பொடியனுகள் ரி.என்.ஏ.யில் செத்தார்கள் என்ற பட்டியல் எந்த நினைவுத் தூபியிலும் இல்லை. புலிகளின் மாவீரர் பட்டியலில் அவர்கள் வரமாட்டார்கள். இந்திய இராணுவத்தின் கணக்கிலும் வரமாட்டார்கள். பத்தரமுல்லையில் இந்தியச் சிப்பாய்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. 2015இல் மோடி வந்து மலர் வைத்தார். அங்கே இருக்கிற பெயர்கள் எல்லாம் இந்தியப் பெயர்கள். அது அவர்களுடைய நினைவிடம், அதில் குறை இல்லை. எங்கட பிள்ளைகளின் பெயர் எங்கே என்பதுதான் கேள்வி.

இதே மாதிரியை உலகம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறது. 1973இல் அமெரிக்கப் படை போன பிறகு தென் வியட்நாம் இராணுவம் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தது. 2021 ஆகஸ்டில் காபூல் விழுந்தபோது கடைசி அமெரிக்கச் சிப்பாய் இன்னும் விமான நிலையத்தில் நின்றார். விமானத்தின் சில்லைப் பிடித்துக்கொண்டு ஓடிய ஆப்கான் பொடியனுகளைக் கைத்தொலைபேசியில் பார்த்தபோது, எங்கட வீடுகளில் பெரியவர்கள் ரி.என்.ஏ.யைப் பற்றிக் கதைத்தார்கள். நாங்கள் முதன்முதல் அந்தப் பெயரைக் கேட்டது அப்போதுதான்.

மார்ச் 24இல் இருந்து ஜூன் 11 வரை 79 நாட்கள். அந்த 79 நாளும் வாவிக்கரையில் ஒரு விசித்திரமான அமைதி. புலிகள் பகிரங்கமாக நடமாடினார்கள், பொலிஸ் நிலையத்தில் பொலிஸார் இருந்தார்கள், முகாமில் ஆமி இருந்தது. மூன்றாம் ஆள் இல்லை. ஜூன் 11இல் மட்டக்களப்பு, கல்முனை உட்பட கிழக்கின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சுற்றி வளைத்தார்கள். சண்டை போடவேண்டாம், சரணடையுங்கள் என்று கொழும்பில் இருந்து கட்டளை. சரணடைந்த பல நூறு பொலிஸாரைக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். சிங்களவரும் முஸ்லிம்களும்தான் அதில் பெரும்பகுதி. பிறகு ஆமி வந்தது. ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் கொன்றார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் அகதியாக இருந்த 158 பேரை இராணுவம் ஏற்றிக்கொண்டு போனது; திரும்பவில்லை. செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானிலும் பக்கத்துக் கிராமங்களிலும் 184 பேர், குழந்தைகள் உட்பட. ‘வன்செயல்’ என்ற ஒரு சொல்லுக்குள் எங்கட பெரியவர்கள் அடக்கி வைத்திருப்பது இதைத்தான். வடக்கில் இருந்தும் கிழக்கில் இருந்தும் அந்த வருடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்கு அகதியாகப் போனார்கள்.

இதற்கெல்லாம் இந்தியா போனதுதான் காரணமா? இல்லை. பள்ளிவாசலில் சுட்டவன் யார், சத்துருக்கொண்டானில் வெட்டியவன் யார் என்பதற்குப் பதில் தெளிவாக இருக்கிறது. ‘வெற்றிடம்’ என்று இதை விளக்குகிற ஆய்வாளர்கள்மேல் எங்களுக்குக் கொஞ்சம் எரிச்சல். வெற்றிடம் யாரையும் கொல்லாது. ஆனால் விலகலின் கணக்கில் இது வராமலும் போகாது. உத்தரவாதம் என்று எழுதிக் கையெழுத்திட்டவர் கப்பல் ஏறும்போது அந்த உத்தரவாதத்தை யாரிடம் ஒப்படைத்தார்? மாகாண சபையைக் கலைக்காமல் இரு என்று கொழும்பிடம் ஒரு வாக்கு வாங்கினாரா? பிடித்துச் சேர்த்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் போனாரா? தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கு இடையில் யார் நிற்பது என்று யோசித்தாரா? பின்வாங்கலின் திகதிதான் பேசப்பட்டது. மிச்சம் எல்லாம் திகதிக்குப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். பெருமாள் 1990 மார்ச் 1இல் ஈழப் பிரகடனம் என்று ஒன்றை வாசித்தது கூட, போகிற கப்பலைப் பார்த்துக் கூப்பிட்ட குரல் போலத்தான் இருக்கிறது.

முறிந்த பனை எழுதிய நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்டார், பின்வாங்கல் அட்டவணை கையெழுத்தாகி மூன்றாம் நாள். இந்தியப் படை செய்ததையும் இயக்கங்கள் செய்ததையும் ஒரே நூலில் எழுதி வைத்த ஆட்கள் அவர்கள். விலகலுக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று நிதானமாகச் சொல்லக்கூடியவர்கள்தான் முதலில் போனார்கள்.

மட்டக்களப்புக்கு இந்த அனுபவம் புதிது அல்ல என்பதையும் சொல்லவேண்டும். புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள். அண்மைக்காலம் வரை கச்சேரி இயங்கிய அதே கோட்டைதான். 1638 மே 18இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். ஐந்து நாள் கழித்து, மே 23இல், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் மட்டக்களப்பிலேயே ஒப்பந்தம் செய்தார்கள். போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தர் உதவுவார்கள். செலவை மன்னன் கறுவாவாகவும் மிளகாகவும் கொடுப்பான். பிடிக்கிற கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்பது ‘மன்னன் விரும்பினால்’ மட்டும் என்ற சொல், ஒரு பிரதியில் இருந்தது, மற்றதில் இல்லை. அந்த இரண்டு சொல்லுக்காகப் பிறகு எவ்வளவு இரத்தம்!

மூன்று வருடம்தான். 1641இல் ஐரோப்பாவில் ஒல்லாந்தும் போர்த்துக்கலும் பத்து வருடப் போர்நிறுத்தம் செய்தன. மன்னனை யாரும் கேட்கவில்லை. 1644இல் கோவாவில் வைத்து அதை இலங்கைக்கும் பொருத்தி, கறுவா நிலங்களை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். எதிரிக்கு எதிராகச் செய்த கூட்டணியின் பலமான பக்கம் எதிரியோடு சமாதானமாகிவிட்டது. ஒல்லாந்தர் பக்கம் இலாபம்: சண்டைச் செலவு இல்லை, கறுவா வருகிறது. நட்டமும் இருந்தது: 1646இல் கண்டிப் படை அவர்களுடைய ஒரு முகாமை வளைத்து, ஆட்ரியான் வான் டெர் ஸ்டெல் என்ற அதிகாரியைக் கொன்றது. பிறகு மறுபடி சேர்ந்தார்கள், 1656இல் கொழும்பைப் பிடித்தார்கள், மன்னனைக் கோட்டைக்குள் விடவில்லை, மறுபடி பிரிந்தார்கள். கோபத்தில் இராஜசிங்கன் கொழும்பைச் சுற்றிய ஊர்களை அழித்துச் சனத்தை உள்நாட்டுக்குக் கொண்டுபோனான். கையெழுத்து ஒல்லாந்தனுக்கும் மன்னனுக்கும் இடையில். ஊர் இழந்தது கமக்காரர்.

1990க்கு வருவோம். அந்த வருடத்துக்குப் பிறகு எங்கட மாவட்டம் வாவியோடு இரண்டாகப் பிளந்தது. எழுவான்கரை, அதாவது கடலோரப் பக்கம், ஆமியிடம். படுவான்கரை, வயலும் காடும் உள்ள மேற்குப் பக்கம், பகலில் ஒருவரிடமும் இரவில் ஒருவரிடமும். தொண்ணூறுகளின் நடுவில் ஆமி யாழ்ப்பாணம் போன பிறகு முழுக்கப் புலிகளிடம். செங்கலடி தாண்டிக் கறுத்தப் பாலத்தடியில் சோதனைச் சாவடி. கரடியனாறு அதற்கு அந்தப் பக்கம். உரம், பெற்றோல், பற்றறி எல்லாம் அளந்து கொடுக்கிற பொருட்கள். 2002க்குப் பிறகான சமாதான காலத்தில் கரடியனாற்றில் தேனகம் மண்டபத்தில் புலிகளின் கூட்டங்கள் நடந்தன. 2004 மார்ச்சில் கிழக்குத் தளபதி கருணா புலிகளை விட்டுப் பிரிந்தபோது பலமான ஒரு பக்கம் கூட்டை விட்டு விலகுவதை அதே ஊர் இன்னொரு தடவை பார்த்தது. ஏப்ரலில் வெருகலில் சண்டை. கருணா படையைக் கலைத்தார். பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களைத் தேடி மறுபடி ஆள் வந்தது. அது தனிக் கட்டுரைக்கு உரியது. ஆனால் ரி.என்.ஏ. கதை தெரிந்த தாய்மாருக்கு அந்த ஏப்ரல் புதிதாக இருந்திருக்காது.

இந்தியாவின் நீண்டகாலக் கணக்கையும் பார்ப்போம். 1991 மே 21இல் ராஜீவ் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு இலங்கைக்குப் படை அனுப்புவது என்ற பேச்சையே டில்லி எடுக்கவில்லை. 2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்து, யாழ்ப்பாணத்தில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் மாட்டிக்கொண்டபோது கொழும்பு உதவி கேட்டது. இந்தியா படை தர மறுத்தது. பாகிஸ்தானிடம் இருந்து பல்குழல் றொக்கற் வந்தது. சமாதானம் பேச நோர்வே வந்தது. பிறகு சீன ஆயுதம், சீனத் துறைமுகம். 1987 கடிதங்களில் எதைத் தடுக்கவேண்டும் என்று எழுதினார்களோ அது ஒவ்வொன்றாக வேறு வாசலால் வந்தது. சாகாமல் தப்பிய இந்தியச் சிப்பாய்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது சின்ன விலை என்று டில்லியில் ஒருவர் சொல்லலாம். சொன்னால் மறுக்க எங்களால் முடியாது. பிரேமதாசவின் கணக்கும் இதே மாதிரித்தான்: ஜே.வி.பி.யின் தலைமை 1989 நவம்பரில் முடிந்தது, இந்தியன் ஆமி போனது, நாட்டின் இறைமை மீண்டது. அவர் ஆயுதம் கொடுத்தவர்களோடு ஜூனிலேயே யுத்தம் தொடங்கியது. 1993 மே 1இல் குண்டுவெடிப்பில் அவரும் கொல்லப்பட்டார்.

துறைமுகக் கடிதம் மட்டும் சாகவில்லை. திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகள் 99. அவற்றைச் சேர்ந்து இயக்குவது பற்றிய ஒப்பந்தம் 2022 ஜனவரியில் கையெழுத்தானது, 1987இல் எழுதியதற்கு 35 வருடம் கழித்து. மாகாண சபைத் தேர்தல்? கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. ஒரே நாளில் ஒரே மேசையில் பிறந்த இரண்டு வாக்குறுதிகள். தாங்கிக்குக் கேட்க ஒரு நாடு இருந்தது.

2025 ஏப்ரல் 5இல் மோடி கொழும்புக்கு வந்தபோது இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்பு ஒத்துழைப்புப் புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றைச் செய்தன. இலங்கைப் பக்கத்து ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, 1987இல் இந்திய ஒப்பந்தத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கிய அதே ஜே.வி.பி.யின் தலைவர். அதன் முழு வாசகத்தையும் வெளியிடச் சொல்லி எதிர்க்கட்சிகள் கேட்டன. எங்களுக்கும் அதை வாசிக்க விருப்பம். முதலாம் பிரிவு அல்ல. எப்படி முடித்துக்கொள்வது, முடித்தால் யாருக்கு எத்தனை மாத அறிவித்தல் என்று எழுதியிருக்கிற கடைசிப் பிரிவு.